பழைய தாலுகா ஆபீசுக்கு வயது என்ன? தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசுக் கட்டடங்களின் வரலாற்றைத் தேடிப் பிடிக்க முழு வழிகாட்டி

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு பழைய தாலுகா ஆபீசையோ, சப்-ஜெயிலையோ, டிராவலர்ஸ் பங்களாவையோ காட்டி "இது எப்போ கட்டினது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வெள்ளைக்காரன் காலத்துலங்க." இந்தப் பக்கம் கம்பெனி ஆட்சி வந்தது 1792-ல். வெள்ளைக்காரர்கள் போனது 1947-ல். நடுவில் 155 வருஷம் இருக்கிறது. அதற்குள் பல தலைமுறைக் கொத்தனார்களும், முற்றிலும் வேறு வேறு கட்டுமான முறைகளும் வந்து போய்விட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் சில வருஷங்கள் அதே வராண்டா, அதே உயரக் கூரை என்று கட்டியிருக்கிறார்கள். அதையும் வெள்ளைக்காரன் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

இன்னொன்று. பழைய கட்டடத்துக்கு ஒரே வயது கிடையாது. சுவருக்கு ஒரு வயது, கூரைக்கு ஒரு வயது, பின்னால் ஒட்டிக் கட்டிய ரெக்கார்டு ரூமுக்கு வேறொரு வயது. எந்தப் பகுதி எப்போது வந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் வரலாறு எழுதுவது. இதற்கு ஆர்க்கிடெக்ட் பட்டம் வேண்டாம். ஒரு டேப், ஒரு டார்ச், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை இருந்தால் கல்லூரி மாணவர்களே செய்துவிடலாம். புதிய ஆபீஸ் கட்டி எல்லோரும் மாறிப் போன பிறகு, பழையதைப் பூட்டிப் போட்டு, செடி முளைக்க விட்டு, கடைசியில் "பழுதடைந்த கட்டடம்" என்று இடித்துவிடுகிறார்கள். இடித்துவிட்டால் சுவர் சொல்ல வேண்டியதைக் கேட்க வழியே இல்லை. அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

படி 1: ஊர் எப்போது யார் கையில் இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கட்டடத்துக்குள் போவதற்கு முன்னால் இதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் ஒன்று பாராமகால். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கம் எல்லாம் அதில் அடக்கம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர். அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ, மெக்லியோட், கிரகாம் என்று மூன்று ராணுவ அதிகாரிகள் உதவியாளர்கள். பிற்காலத்தில் சென்னை மாகாண கவர்னரான அதே மன்றோதான். அவர் 1792 முதல் 1799 வரை தர்மபுரியை இருப்பிடமாக வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். நிலத்தை அளந்து, விவசாயியிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருவெடுத்தது இந்த மண்ணில்தான். நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் என்பது அந்த முறையின் அன்றாட இயந்திரம். நிலத்துக்குத் தீர்வை, தீர்வைக்குக் கணக்கு, கணக்குக்கு ஒரு கட்டடம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதில் சேராது. அது திப்பு இறந்த பிறகு, 1799-ல் வந்தது. ஏழு வருஷ வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஓசூர்க் கட்டடத்துக்கு 1795 என்று யாராவது தேதி சொன்னால், அது அந்தக் கணக்கில் உதைக்கும்.

அப்புறம் மாவட்ட எல்லை. இரண்டு மாவட்டமும் நெடுங்காலம் சேலத்துக்குள் இருந்தவை. தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. திருப்பத்தூர் 1911-லேயே சேலத்தை விட்டு வட ஆற்காட்டுக்குப் போய்விட்டது. இந்தத் தேதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஃபைல் தேடும்போது எந்த ஊர் ஆபீசின் கதவைத் தட்டுவது என்பதை இவைதான் முடிவு செய்யும்.

படி 2: கட்டியது எந்தத் துறை?

அரசுக் கட்டடம் என்றாலே பொதுப்பணித்துறை என்று நினைப்போம். சென்னை மாகாணத்தில் அந்தத் துறையே 1850-களில்தான் உருவெடுத்தது. அதற்கு முன்னால் கலெக்டரின் பொறுப்பிலும் ராணுவ எஞ்சினியர்கள் கையிலும் வேலை நடந்தது. கோட்டைக்குள் ஏற்கெனவே இருந்த கட்டடத்தைத் தட்டிக்கொட்டிக் கச்சேரியாக, அதாவது அரசு ஆபீசாக, ஆக்கிக்கொள்வதும் நடந்தது. ஆகவே ஒரு பழைய கச்சேரி கோட்டைச் சுவரை ஒட்டியோ, கிருஷ்ணகிரியின் பழையபேட்டை போன்ற ஊரின் மூத்த பகுதியிலோ நின்றால், அடியில் இன்னும் பழைய கட்டுமானம் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

தாலுகா ஆபீஸ், சப்-ஜெயில், கோர்ட் போன்றவை பொதுப்பணித்துறை வழி வந்தவை. ஆனால் பழைய ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வழிப்போக்கர் சத்திரம், டிராவலர்ஸ் பங்களா போன்றவற்றில் பல, அந்தக் காலத்து மாவட்ட உள்ளாட்சி அமைப்பான ஜில்லா போர்டு கட்டியவை. 1871-ல் உள்ளூர் நிதிச் சட்டம், 1884-ல் உள்ளாட்சி போர்டுச் சட்டம் என்று வந்து, சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அந்த போர்டுகளின் பொறுப்பாயின. அவற்றின் காகிதங்கள் பொதுப்பணித்துறையில் தேடினால் கிடைக்காது. பத்திர ஆபீஸ் என்றால் 1865-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. பதிவுச் சட்டமே அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. போலீஸ் ஸ்டேஷன் என்றால் 1859 போலீஸ் சட்டத்தை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அந்தக் கட்டடம் இருந்திருந்தால், வேறு எதற்காகவோ இருந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த "வேறு எதற்காக" என்பதைத் தேடுவதில்தான் சுவாரசியமே.

படி 3: அனுமதி

தாசில்தாரிடமோ, கட்டடம் எந்த ஆபீசின் பொறுப்பில் இருக்கிறதோ அங்கேயோ எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை பேர், எந்த நாள் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். கல்லூரியோ பள்ளியோ கடிதம் கொடுத்தால் வேலை சுலபம். கருவூலம், சிறை, கோர்ட் இருக்கும் வளாகத்தில் கேட்காமல் செல்போனைத் தூக்காதீர்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடம் என்றால் பாம்பு, தேள், உளுத்துப் போன உத்திரம் மூன்றையும் நினைத்துக்கொண்டு, தனியாகப் போகாமல் இருங்கள். கூரைமேல் ஏறவே வேண்டாம்.

படி 4: முதலில் வெளியே ஒரு சுற்று

வாசலில் இருந்து நேரே உள்ளே நுழைந்துவிடாமல் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வளாகத்தில் கிணறு எங்கே, பழைய புளியமரமோ தூங்குமூஞ்சி மரமோ எங்கே, பழைய வாசல் இப்போதைய ரோட்டைப் பார்த்து இருக்கிறதா என்று குறியுங்கள். முகப்பு ஒரு சந்தைப் பார்த்து, முதுகு மெயின் ரோட்டைப் பார்த்து இருந்தால், ரோடு பின்னால் வந்தது. அந்தச் சந்துதான் அந்தக் காலத்து ராஜபாட்டை.

படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லையும் பாருங்கள். முன்படியிலோ அடிமானக் கல்லிலோ பி, எம் என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அம்புக்குறியும் செதுக்கியிருந்தால், அது சர்வே துறை கடல்மட்ட உயரம் கணக்கிட்டுப் பதித்த அடையாளம். அசையாமல், இடியாமல் நிற்கும் என்று நம்பிய கட்டடங்களில்தான் இதைச் செதுக்குவார்கள். எத்தனையோ ஊரில் இதன்மேல் சிமெண்டுப் பால் ஊற்றி மூடிவிட்டார்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழிந்த எழுத்தும் நிழலில் எழுந்து வரும். முகப்பில் கிரீடமோ, ராஜா ராணி பெயரின் முதலெழுத்துகளோ, ஆண்டு போட்ட கல்லோ இருக்கிறதா என்றும் இதே முறையில் பாருங்கள். ஆண்டுக்கல் கிடைத்துவிட்டால் சந்தோஷம்தான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. விரிவாக்கம் செய்த வருஷத்தைப் பொறித்த கல்லும் உண்டு.

படி 5: சுவரைப் படிப்பது

ஜன்னல் ஓரத்தில் டேப்பை வைத்துச் சுவரின் கனத்தை அளங்கள். ஒன்றரை அடி, இரண்டு அடி என்று வந்தால் சுண்ணாம்புக் காலம். ஒன்பது அங்குலம் என்றால் பெரும்பாலும் பின்னால் கட்டியது. ஒரே கட்டடத்தில் இரண்டு கனமும் வந்தால், அந்த இரண்டும் சந்திக்கும் மூலையைத் தேடுங்கள். நேர்க்கோடாக மேலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடும். அது பழையதும் புதியதும் ஒட்டிய இடம்.

நம் மாவட்டங்கள் கல் நாடு. அதனால் அடிமானம், சில இடங்களில் முழுச் சுவரே கருங்கல்லாக இருக்கும். கல்லின் ஓரத்தைப் பாருங்கள். சின்னச் சின்னதாக வரிசையாகக் குழிகள் இருந்தால், உளியால் துளைத்து ஆப்பு இறக்கிப் பிளந்த கல். நீளமாக, வழுவழுவென்று பாதிக் குழாய் போன்ற தடம் இருந்தால் மெஷின் துளையிட்டுப் பிளந்தது. அந்தத் தடமுள்ள கல் நடுச்சுவரில் இருந்தால் அந்தப் பகுதி பிற்காலத்து வேலை.

காரையைச் சோதிக்க, கீழே உதிர்ந்து கிடக்கும் துண்டை மட்டும் எடுங்கள். சுவரைச் சுரண்டவே கூடாது. நகத்தால் அழுத்தினால் மாவாக உதிர்ந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குருணை தெரிந்தால் சுண்ணாம்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் செங்கல் தூளான சுர்க்கி கலந்த சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், நகம் இறங்காமல் கெட்டியாக இருந்தால் சிமெண்டு. இந்தப் பக்கத்தில் சுக்கான் கல்லைச் சூளையில் வேகவைத்து, நீற்றி, மணல் சேர்த்து, மாடு கட்டிய கல்சக்கரத்தில் அரைத்துத்தான் காரை செய்தார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது பூச்சு வேலையில் வழக்கம். சிமெண்டு 1930-களுக்குப் பிறகுதான் நம் பக்கத்துச் சாதாரணக் கட்டடங்களுக்குப் பரவலாக வந்தது. மதுக்கரை சிமெண்டு ஆலை அந்தக் காலத்தில் தொடங்கியதுதான்.

சுண்ணாம்பு அடித்த சுவர் பெயர்ந்திருக்கும் ஓரத்தில் வண்ண அடுக்குகளையும் பாருங்கள். வெள்ளை, மஞ்சள், நீலம், மறுபடி மஞ்சள் என்று அடுக்கடுக்காக இருக்கும். கதவுக்கு மேலே அந்த அடுக்குகளுக்கு அடியில் பழைய அறைப்பெயர் எழுத்து எட்டிப் பார்ப்பது உண்டு. இப்போது ஸ்டோர் ரூமாகக் கிடக்கும் அறை ஒரு காலத்தில் யாருடையது என்று அது சொல்லிவிடும்.

படி 6: கூரை, இதுதான் முக்கியச் சாட்சி

நேரம் குறைவு என்றால் மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள். பொதுவாக மூன்று வகைக் கூரைகளைப் பார்ப்பீர்கள்.

முதலாவது மெட்ராஸ் டெரஸ். நம் ஆட்கள் கட்டைக்குத்து என்பது இதைத்தான். வராண்டாவில் நின்று அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்திரத்தின்மேல் நெருக்கமாகச் சரங்கள், அதாவது சின்னக் குறுக்குக் கட்டைகள், போகும். அந்தச் சரங்களுக்கு மேலே, சுமார் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சுவருக்குச் சாய்கோணத்தில், வரிசை வரிசையாகச் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பார்கள். கீழிருந்து பார்த்தால் ஓலைப் பாயின் பின்னல் போலத் தெரியும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதைக் கட்டைகளால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அதற்கும் மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். கம்பி கிடையாது, சிமெண்டு கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது. இது ஒழுகத் தொடங்கினால், கோளாறு பெரும்பாலும் தளத்தில் இருக்காது. தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்திருக்கும், அல்லது கைப்பிடிச்சுவரின் இடுக்கில் ஆலங்கன்று வேர் விட்டிருக்கும்.

சரங்களும் உத்திரமும் மரமா இரும்பா என்று அடுத்துப் பாருங்கள். இரும்பு என்றால் உடனே டார்ச்சை எடுத்து அதன் நடுப்பட்டையில் எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். கம்பெனிப் பெயரை உத்திரத்தை உருட்டும்போதே எழுப்பிவிடுவார்கள். டார்மன் லாங் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் பல ஊர்களில் காணக் கிடைக்கும். அவர்கள் இந்த வகை உத்திரங்களை உருட்டத் தொடங்கியது 1880-களில். டாடா என்று இருந்தால் 1912-க்குப் பிந்தியது. ஜாம்ஷெட்பூரில் எஃகு உருக்கியதே அந்த வருஷம்தான். இப்படி ஒரே ஒரு உத்திரம், "இந்தக் கூரை இதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது" என்று அடித்துச் சொல்லிவிடும்.

இந்த இடத்தில் ரயிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகப் போகும் பெரிய பாதை வந்தது 1860-களின் தொடக்கத்தில். அதற்கு முன்னால் கனமான இரும்பு உத்திரத்தைத் தர்மபுரிக்குக் கொண்டுவருவது என்றால் வழி முழுக்க மாட்டு வண்டிதான். 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் குறுகிய பாதை ரயில் வந்தது. தர்மபுரிப் பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது. கிருஷ்ணகிரிப் பாதை 1936-லும் ஓசூர்ப் பாதை 1941-லும் மூடப்பட்டுவிட்டன. அந்த இடைப்பட்ட காலத்தில்தான் இரும்பும் மங்களூர் ஓடும் ஊர் வாசலிலேயே வந்து இறங்கின. ஒரு கட்டடத்தில் ஓடும் உத்திரமும் தாராளமாக இருந்தால், இந்த வருஷங்களை முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது வகை சீமை ஓட்டுக் கூரை. மங்களூரில் பாசல் மிஷன் 1865-ல் ஓட்டு ஆலை தொடங்கியது. பிறகு கள்ளிக்கோட்டை, ஃபரோக் என்று பரவியது. ஓட்டின் அடிப்பக்கத்தில் ஆலையின் பெயரும் ஊரும் அச்சாக இருக்கும். முதல் உலகப் போரின்போது ஜெர்மன்காரர்கள், சுவிஸ்காரர்கள் நடத்திய அந்த ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு சில ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே காமன்வெல்த் முத்திரை இருந்தால் அந்த ஓடு 1919-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. ஒரு எச்சரிக்கை: ஓடு உடையும், மாற்றுவார்கள். ஒரே கூரையில் நான்கு ஆலை ஓடு இருக்கும். கீழே விழுந்து கிடக்கும் துண்டுகளையெல்லாம் திருப்பிப் பார்த்து, எந்த முத்திரை அதிகம் என்று எண்ணுங்கள். ஓட்டுக்கு அடியில் இருக்கும் மரச்சட்டம் நாட்டு ஓட்டுக்காகப் போட்டதா, சீமை ஓட்டுக்காகப் போட்டதா என்று ஒரு தச்சரைக் கூட்டிப்போய்க் கேளுங்கள். ரீப்பர் இடைவெளியைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்.

மூன்றாவது கான்கிரீட். ஜன்னலுக்குமேல் வளைவு இல்லாமல், தட்டையான லிண்டலும் வெளியே நீட்டிய சன்ஷேடும் இருந்தால், அந்தப் பகுதியைப் பெரும்பாலும் சுதந்திரத்தை ஒட்டியோ அதற்குப் பின்னோ வைக்கலாம்.

படி 7: உள்ளே எந்த அறை எதற்கு?

பழைய தாலுகா ஆபீஸ் ஒரு சின்ன அரசாங்கம். தாசில்தாரின் அறை, குமாஸ்தாக்களின் ஹால், ரெக்கார்டு ரூம், கருவூலம் எல்லாம் அதில் இருந்தன. பல இடங்களில் அதே வளாகத்தில் சப்-ஜெயிலும் இருக்கும். தாசில்தாரோ அவருக்கு அடுத்தவரோ மாஜிஸ்திரேட் வேலையும் பார்த்தார்கள். அதனால் ஹாலின் ஒரு மூலையில் தரை ஒரு படி உயர்ந்திருந்தால், அது கோர்ட் மேடையாக இருந்திருக்கலாம்.

கருவூல அறையைக் கண்டுபிடிப்பது எளிது. மற்றச் சுவர்களைவிடக் கனமான சுவர், ஜன்னல் இல்லாமை அல்லது கூரையை ஒட்டிக் கையளவு வெண்டிலேட்டர், இரண்டு பூட்டு போடும் இரும்புக் கதவு. சாவி ஒன்று தாசில்தாரிடம், இன்னொன்று கணக்கரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். வாசலில் துப்பாக்கியோடு காவலர் நிற்பார். மணிக்கு ஒருதரம் அங்கே தொங்கும் மணியை அடிப்பதும் அவர் வேலை. கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் ஊருக்கே நேரம் சொன்னது அந்த மணிதான். உத்திரத்திலோ வராண்டா வளைவிலோ தேய்ந்துபோன ஒரு கனமான கொக்கி தனியாகத் தொங்கினால், அது எதற்கு என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

பெரிய அறையில் கதவுக்கு மேலே, சுவரைத் துளைத்துக்கொண்டு வராண்டா வரை போகும் ஒரு சின்னத் துவாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் வருவதற்கு முன்னால் கூரையில் தொங்கிய துணி விசிறியான பங்காவின் கயிறு போன வழி அது. அதிகாரிக்குக் காற்று வர, வெளியே வராண்டாவில் ஒருவர் உட்கார்ந்து நாளெல்லாம் இழுப்பார். துவாரத்தின் கீழ் விளிம்பில் விரலை வைத்தால், கயிறு உரசி உரசி வழவழப்பானது தெரியும். எந்தக் கல்வெட்டிலும் பெயர் இல்லாத ஒரு ஆளின் உழைப்பு அந்த விளிம்பில் இருக்கிறது. அதைக் கட்டாயம் போட்டோ எடுத்து, அளவோடு குறித்துவையுங்கள்.

படி 8: அளந்து வரையுங்கள்

போட்டோ மட்டும் போதாது. போட்டோவில் சுவரின் கனம் தெரியாது. கட்டம் போட்ட நோட்டில் தரைப்படம் வரையுங்கள். ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கத்தோடு மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லை. பழைய கட்டடத்தில் அது சகஜம்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். அளவை அடி, அங்குலத்திலேயே எழுதுங்கள். கட்டியவர்கள் அடியில்தான் நினைத்தார்கள். 18 அடி, 24 அடி என்று முழு எண்ணாக வரும் அறை அசல் திட்டத்தில் இருந்தது என்றும், 13 அடி 7 அங்குலம் என்று நிற்பது பின்னால் தடுத்தது என்றும் யோசிக்க இடம் கிடைக்கும். நான்கு முகப்பையும் நேரே நின்று, அளவுகோல் ஒன்றைச் சுவரோரம் சாய்த்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: காகிதம்

நிலத்தில் தொடங்குங்கள். கட்டடம் நிற்கும் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடான அ-பதிவேட்டில் அது எந்த வகைப் புறம்போக்கு, எதற்கென்று ஒதுக்கியது என்று பாருங்கள். அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். அந்த நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் வாங்குங்கள். பழைய ஆவணங்களில் ஆங்கில வருஷத்துக்குப் பதில் வருவாய்த் துறையின் கணக்கு வருஷமான பசலி இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டுங்கள். வருஷம் ஜூலை 1-ல் தொடங்கும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. இந்த ஒரு கணக்குத் தெரியாமல் தேதியில் குழம்பி நிற்பவர்கள் அதிகம்.

சர்வே ஆப் இந்தியாவின் பழைய வரைபடங்களில் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் 57 எல் தாளிலும், ஓசூர் 57 எச் தாளிலும் வரும். வெவ்வேறு காலத்துப் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், போலீஸ் ஸ்டேஷன், தபாலாபீஸ், பங்களா எந்தப் பதிப்பில் முளைத்தன என்று தெரியும்.

அடுத்தது அச்சிட்ட பழைய மாவட்டத் தொகுப்புகள். சேலம் மாவட்டத்துக்கு 1883-ல் ஒன்றும், 1918-ல் ஒன்றும் வெளிவந்தன. இரண்டிலும் ஊர் வாரியாக அரசுக் கட்டடங்களைப் பற்றிய குறிப்பு தேடுங்கள். ஒன்றில் இல்லாத கட்டடம் அடுத்ததில் இருந்தால், அது 35 வருஷத்துக்குள் அடங்கிவிட்டது என்று முதல் சந்தேகத்தை வையுங்கள். சந்தேகம்தான், முடிவு அல்ல. எழுதியவர் விட்டிருக்கவும் கூடும். இப்படிப்பட்ட பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வருவாய்த் துறை, பொதுப்பணித்துறை அரசாணைகள் வருஷவாரியாக அட்டவணையோடு இருக்கின்றன. தோராயமாக ஒரு பத்து வருஷத்தை மேலே சொன்ன வழிகளில் குறுக்கிக்கொண்டு போனால்தான் அங்கே வேலை நடக்கும். வெறுங்கையோடு போனால் அட்டவணையைப் புரட்டியே நாள் போய்விடும். 1876 முதல் 1878 வரை சேலம் மாவட்டத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தின் வருஷங்களையும் விடாதீர்கள். நிவாரண வேலைகளின் கணக்கில் கல் உடைத்ததும், மண் சுமந்ததும் வரும்.

உள்ளூரில் பொதுப்பணித்துறையின் கட்டடப் பிரிவில் பதிவேடு இருக்கும். கேட்டால் தருவார்கள், தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு, 30 நாளில் பதில். "கட்டடத்தின் வரலாறு வேண்டும்" என்று எழுதாதீர்கள், தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இன்ன சர்வே எண்ணில் உள்ள கட்டடத்துக்கான கட்டடப் பதிவேட்டுப் பக்கம், வரைபடம், பழுதுபார்த்த மதிப்பீடுகள் ஆகியவற்றை நேரில் பார்வையிட வேண்டும்" என்று கேளுங்கள். பார்வையிடும் உரிமையைச் சட்டமே கொடுக்கிறது. 1965-க்கு முந்திய ஃபைல் என்றால் சேலத்தையும், கிருஷ்ணகிரிக் கட்டடத்துக்கு 1965 முதல் 2004 வரை என்றால் தர்மபுரியையும் கேட்க மறக்காதீர்கள்.

படி 10: ஆட்கள்

ஓய்வுபெற்ற தாசில்தார், குமாஸ்தா, டவாலி எனும் ஆபீஸ் சேவகர், தலையாரி, அப்புறம் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்தவர்கள். பரம்பரையாக வந்த கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (கிராமத் தலைவர்) பதவிகளை 1980-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குடும்பங்களில் வருஷாந்திரக் கிராமக் கணக்குச் சரிபார்ப்பான ஜமாபந்திக்குக் கணக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போன நினைவு இன்னும் இருக்கிறது. "எப்போ கட்டினாங்க?" என்று கேட்காதீர்கள். அது அவர்களுக்குத் தெரியாது. "ஜமாபந்தி நாள்ல நீங்க எங்கே உட்காருவீங்க? கலெக்டர் எந்த வாசல்ல வருவார்? அப்போ இந்தச் சுவர் இருந்துச்சா?" என்று கேளுங்கள். வராண்டாவை எப்போது அடைத்தார்கள், ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டது எந்த ஆட்சியில் என்று வரிசையாக வந்து விழும். முடிந்தால் அவர்களைக் கட்டடத்துக்கே கூட்டிப்போங்கள். அங்கே நின்றால் நினைவு தானாக வரும்.

படி 11: எல்லாவற்றையும் சேர்த்துத் தேதி சொல்வது

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். நடு ஹால் சுவர் இரண்டடி, சுண்ணாம்புக் காரை, மர உத்திரத்தில் மெட்ராஸ் டெரஸ். முன் வராண்டாவில் டார்மன் லாங் இரும்பு உத்திரம். பின்பக்கம் ஒன்பது அங்குலச் சுவரில் கான்கிரீட் கூரை. 1883 தொகுப்பில் அந்த ஊரில் தாலுகா ஆபீஸ் உண்டு. அப்படியென்றால் எழுத வேண்டியது இப்படி: "ஹால் 1883-க்கு முன்னால் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வராண்டா, அல்லது அதன் இன்றைய கூரை, 1880-களிலோ அதற்குப் பிறகோ வந்தது. பின்பகுதி சுதந்திரத்தை ஒட்டி அல்லது அதன்பின்." இவ்வளவுதான். 1792 என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு தவறான தேதி ஒருமுறை போர்டில் ஏறிவிட்டால், அடுத்த தலைமுறை அதைத்தான் மனப்பாடம் செய்யும். எது கண்ணால் பார்த்தது, எது காகிதத்தில் கிடைத்தது, எது ஒருவர் சொன்னது என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்து எழுதுங்கள்.

படி 12: கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால்

இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை மாதிரியாக வைத்து, சேலம் கலெக்டர் பிரெட் ஓசூரில் கட்டிய மாளிகையை இன்று நாம் முழு வடிவில் பார்க்க முடியாது. அப்படி ஒன்று இருந்தது என்று சொல்லிக்கொள்ள மட்டும்தான் முடிகிறது. இருப்பவற்றுக்கும் அதே கதி வரக் கூடாது.

பழுதுபார்ப்பில் நடக்கும் பெரிய கெடுதல் சிமெண்டுப் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் அந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுவர் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். "பழைய கட்டடம், அதான் விழுது" என்பார்கள். விழவைத்தது சிமெண்டு. அதன்மேல் எனாமல் பெயிண்ட் அடித்தால் இன்னும் மோசம். சுண்ணாம்பை நீற்றி, அரைத்து, சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். அது தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இல்லாமல் போகவில்லை. மழைக்கு முன்னால் தூம்பைச் சுத்தம் செய்வது, கைப்பிடிச்சுவரில் முளைத்த கன்றை வேரோடு எடுப்பது, உடைந்த ஓட்டை மாற்றுவது ஆகிய மூன்றையும் வருஷாவருஷம் செய்தாலே பெரும்பாலான கட்டடங்கள் நின்றுவிடும். இதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை.

சட்டத்தில், மத்திய அரசின் 1958 சட்டம் குறைந்தது நூறு வருஷப் பழமையைக் கேட்கிறது. மாநிலத்துக்கு 1966-ல் ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. பொதுப்பணித்துறையிலேயே மரபுக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பிரிவும் உண்டு. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். "பழைய கட்டடம், இடிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தரைப்படம், போட்டோ, எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு, வேறு எந்த உபயோகத்துக்கு விடலாம் என்ற யோசனை ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள். நூலகமாகவோ, அருங்காட்சியகக் கிளையாகவோ, ரெக்கார்டு ரூமாகவோ மாற்றலாம் என்று சொன்னால், அதிகாரிக்கும் மேலே எழுத ஒரு காரணம் கிடைக்கும்.

எழுதியதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்காதீர்கள். அச்செடுத்த பிரதி ஒன்றை மாவட்ட மைய நூலகத்துக்கும், ஒன்றை தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும், ஒன்றை அந்தக் கட்டடத்தில் இருக்கும் ஆபீசுக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரதியிலும் சர்வே எண்ணையும், அளவெடுத்த தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். நாளைக்கு இதே சுவரை அளக்க வருகிறவருக்கு, முதலில் தேவைப்படுவது அந்த இரண்டும்தான்.